எந்தத் திருநாளிலும் சேராத பிள்ளை

செபீனா எங்கள் ஊருக்கு வாழ வந்தபோது கடலை ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோவின் கடைசி விளிம்பில் இருக்கிறது எங்கள் ஊர். அதற்கு அப்பால் அலைதான். அவளோ உள்நாட்டில் மாடும் சேற்று நிலமுமாக வளர்ந்தவள். தவக்காலம் தொடங்கிவிட்டால் கலியாணம் நடக்காது என்று, அதற்கு முந்தின வாரம் தரகர் அவசர அவசரமாகப் பேசி முடித்த சம்பந்தம். மாப்பிள்ளை ஃபெஸ்டி மீன்பிடிக்கிறவன், நல்லவன், வாயில்லாப் பூச்சி. அந்த வீட்டில் வாய் என்று ஒன்று இருந்தால் அது அவனுடைய அக்கா டீலியாவுக்குத்தான்.

டீலியா கலியாணம் கட்டாதவள். அப்பாவையும் மூத்த தம்பியையும் ஒரே படகோடு கடல் கொண்டுபோன பிறகு, படுக்கையில் விழுந்த தாயைச் சாகும்வரை அவள்தான் பார்த்தாள், ஃபெஸ்டியை ஆளாக்கினாள், விழுந்த வீட்டை நிமிர்த்தினாள். அதையெல்லாம் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிமிர்த்திய வீட்டில் இன்னொருத்திக்கு ஒரு மூலை விடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இரவில் அடுப்புத் தீயை எப்படிச் சாம்பலால் மூடி வைக்க வேண்டும், உருளைக்கிழங்கை எந்தப் பானையில் வேகவைக்க வேண்டும், கோழிக்கு எந்தப் பக்கம் நின்று தீனி போட வேண்டும், எல்லாம் அவள் சொன்னபடிதான். செபீனா ஏழு வருஷம் அங்கே விருந்தாளியாகவே இருந்தாள். விருந்தாளிக்காவது புறப்படும் நாள் என்று ஒன்று உண்டு. இவள் புறப்பட்டு எங்கே போவது? பிறந்த வீட்டில் அண்ணன் பெண்டாட்டி வந்தாயிற்று. எங்கள் நாட்டில் மோதிரம் மாட்டினால் மாட்டினதுதான். ஃபெஸ்டியாவது மாதத்தில் பாதி நாள் கடலில் இருந்தான். பெண்கள் இரண்டு பேரும் மூன்று அறைகளுக்குள் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

பிள்ளை பிறந்தால் எல்லாம் மாறும் என்று செபீனா நம்பினாள். பிறந்தது, ஒரு மார்ச் மாதத்து மழையில். பாலத்தை வெள்ளம் மூடிவிட்டதால் மருத்துவச்சி வர முடியவில்லை. டீலியாதான் பிரசவம் பார்த்தாள். ஆண் பிள்ளை, செத்தே பிறந்தது என்றாள். செபீனாவுக்கோ, அரை மயக்கத்தில் பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் கேட்ட ஞாபகம். அதைப் பற்றிக் கேட்டபோது, "உனக்குக் காய்ச்ச, தாயி. காத்துச் சத்தத்தக் கேட்டுருப்ப" என்று டீலியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைக்குக் கோயில் கல்லறையில் இடம் கிடையாது. ஃபெஸ்டி சின்னப் பெட்டியைக் கையில் இடுக்கிக்கொண்டு, பொழுது சாயும் நேரம் பார்த்து, கடலோரத்தில் இருக்கிற கில்லீனுக்குத் தனியாகப் போனான். அப்படிப்பட்ட பிள்ளைகளை மட்டும் புதைக்கிற மேடு அது. சிலுவை கிடையாது, பூசை கிடையாது, பேர் கிடையாது. கடற்கரைக் கற்களில் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு பிள்ளை தங்கவில்லை.

நாலு வருஷம் கழித்து, ஐம்பத்தொன்றாம் வருஷத்து அக்டோபர் கடைசி நாள். ஹாலோவீன் என்றால் பேய்க்கு எடுத்த விழா என்று இப்போது பட்டணத்துப் பிள்ளைகள் நினைக்கின்றன. பேய்க்கு யாராவது ஒருசந்தி இருப்பார்களா? அன்றைக்கு எங்கள் வீடுகளில் கறியே வேகாது. முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வெண்ணெயுமாகப் பிசைந்து வைப்பார்கள், உலர் திராட்சை போட்ட ரொட்டி சுடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை எப்படியோ அப்படித்தான் சகல புனிதர் திருநாளுக்கு முந்தின மாலை இது. லாஃப்டஸ் சாமி அன்று காலைப் பூசையில் இதைத்தான் பிரசங்கம் வைத்தார்.

"கோட முடியிற ராத்திரியில செத்தவங்க எந்திரிச்சு வருவாங்கன்னு நம்ம முப்பாட்டன்மாரு பயந்தாங்க, மேட்டுல தீ மூட்டினாங்க. திருச்சபை வந்து அந்தத் தீய மிதிச்சு அணைக்கல. செத்தவங்களப் பாத்துப் பயப்படாத, அவங்களுக்காக வேண்டிக்கோன்னு சொல்லிக் குடுத்துச்சு. இன்னைக்கு வைக்கோல் முகமூடியப் போட்டுக்கிட்டு பயலுவ கதவத் தட்டுவானுவ. தட்டட்டும். சாவப் பாத்துச் சிரிக்க நமக்கு உரிமை இருக்கு, கிறிஸ்துநாதர் அத ஜெயிச்சுட்டாரு. நாளைக்கு மோட்சத்துல இருக்கிறவங்க திருநாள். மறுநா, மோட்சம் போறதுக்கு முந்தி உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து தவிக்கிறவங்க திருநாள். இந்த ரெண்டு நாள்ல ஏதாவது ஒரு நாள் உங்க வீட்டு ஆள் ஒவ்வொருத்தருக்கும் உண்டு."

எல்லோரும் தலையாட்டினார்கள். செபீனா மட்டும் தலையாட்டவில்லை. பூசை முடிந்ததும் சாமியார் அங்கியைக் கழற்றுகிற அறை வாசலில் போய் நின்றாள்.

"சாமி, எம் பிள்ள எந்த நாள்ல சேரும்?"

லாஃப்டஸ் சாமி வயதில் சின்னவர், நல்ல மனுஷர். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் வினையாகப் போயிற்று.

"அது லிம்போவுல இருக்கும்மா, ஞானஸ்நானம் இல்லாம போன பிள்ளைங்க இருக்கிற எடத்துல. அங்க தீ இல்ல, வலி இல்ல. பச்சப்பிள்ளைங்க சந்தோசமாத்தான் இருக்கும்."

"அங்கேருந்து வெளிய வருமா?"

அவர் அங்கியை மடித்தார், மறுபடி பிரித்து மடித்தார். "வராதும்மா."

"நாளைக்குக் கோயிலுக்குள்ள நொழையையில ஒரு தடவ அதுக்குன்னு ஒப்புக்குடுத்தா?"

"அந்தப் பலன் அங்க போய்ச் சேராது. ஒங்க மாமனாருக்கு ஒப்புக்குடு, மச்சானுக்கு ஒப்புக்குடு."

"ஒரு சொட்டுத் தண்ணி போதுமாயிருந்துச்சே சாமி."

"ஆமா" என்றார், அவள் கண்ணைப் பார்க்காமல். "யாரு ஊத்தியிருந்தாலும் அது ஞானஸ்நானந்தான்."

நாளைக்கு நுழைவது என்று அவள் சொன்னது எங்கள் ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்கக் காத்திருக்கிற காரியம். நவம்பர் முதல் தேதி நடுப்பகலிலிருந்து மறுநாள் முடியும்வரை, கோயிலுக்குள் போய் முறைப்படி ஜெபம் சொன்னால், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து விடுதலையாகும். ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரை விடுவிக்க முடியாது. வெளியே வரவேண்டும், மறுபடி நுழைய வேண்டும். ஆகவே அன்று கோயில் வாசலில் எறும்புப் புற்று மாதிரி போக்கும் வரவுமாக இருக்கும். சாமியாரிடம் பாவத்தை மறைக்காமல் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி, பூசையில் நன்மை வாங்கியவர்களுக்குத்தான் இந்தப் பலன். அந்த நிபந்தனை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் பகலில் மழை தூறிக்கொண்டிருந்தது. படியில் நின்று மூச்சு வாங்கினாள் கைம்பெண் நாப்லா.

"எம் புருசனுக்குப் போன வருசமும் நொழஞ்சேன், இந்த வருசமும் நொழஞ்சுட்டேன். இன்னும் வந்திருப்பான்னு எனக்கு நம்பிக்க இல்ல. உசுரோட இருக்கையிலயே சாராயக்கடையிலேருந்து ஒரு தடவ கூப்புட்டா வரமாட்டான்."

பெண்கள் சிரித்தார்கள். டீலியா அவர்களைத் தாண்டித் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தாள், படியிலேயே திரும்பினாள், மறுபடி உள்ளே போனாள்.

"அந்தா போறா பாரு" என்றாள் நாப்லா. "அவ நொழையிற நொழைவுக்கு அவ வம்சமே மோட்சத்துல நெருக்கியடிச்சு உக்காந்திருக்கும். மத்தவங்க வீட்டு ஆளுக்கு எடம் இருக்குமான்னுதான் எனக்குக் கவல."

அடுத்த தடவை டீலியா வெளியே வந்தபோது செபீனா படியில் அவளுக்கு எதிரே நின்றாள். இரவெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தாள்.

"மைனி, இப்ப நான் எம் பிள்ளைக்காக நொழையப் போறேன். போய்ச் சேந்தா சேரட்டும். சேரலன்னா ஆண்டவர் திருப்பி அனுப்பட்டும்."

"கூறுகெட்டுப் போயிட்டியா? சாமியார் என்ன சொன்னாரு?"

"எனக்குச் சத்தம் கேட்டுச்சு மைனி."

வழக்கம்போலக் காய்ச்சல் என்பாள் என்றுதான் செபீனா எதிர்பார்த்தாள். டீலியா அவள் சட்டைக் கையைப் பிடித்துக் கோயிலின் பின்சுவருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே யாருமில்லை.

"உசுரு இருந்துச்சு" என்றாள். "தலையிலயும் மூஞ்சியிலயும் சவ்வோட பொறந்துச்சு, முக்காடு போட்ட மாதிரி."

முகச்சவ்வோடு பிறக்கிற பிள்ளை எங்கள் கரையில் பெரிய அதிர்ஷ்டம். அந்தச் சவ்வைக் கிழியாமல் உரித்துக் காயவைத்துச் சட்டைக்குள் தைத்துக்கொண்டவன் கடலில் சாகமாட்டான் என்பது நம்பிக்கை. கப்பல்காரர்கள் தேடி வந்து விலை கேட்பார்கள். செபீனா உள்நாட்டுக்காரி, ஆனாலும் அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எங்க அப்பனையும் தம்பியையும் நெனச்சேன். மிச்சம் இருக்கிறது ஃபெஸ்டி ஒருத்தன். கிழியாம எடுத்துரலாம், ஒரு நிமிசந்தானேன்னு நெனச்சேன். ஓரத்துலேருந்து மெல்ல மெல்ல உரிச்சேன். பிள்ள மொனங்குச்சு. சவ்வுக்குள்ள மூச்சு விட முடியல, அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. ஓடிப்போய்த் தண்ணியெடுத்து, ஞானஸ்நான மந்திரத்தச் சொல்லி ஊத்துனேன். தண்ணி சவ்வு மேலதான் ஓடுச்சு. தோல்ல பட்டுச்சா, படலையா, பட்டப்ப உசுரு இருந்துச்சா, ஒன்னும் எனக்குத் தெரியாது."

"அந்தச் சவ்வு?"

"கையோட கிழிஞ்சு வந்துச்சு. அடுப்புல போட்டேன்."

செபீனாவுக்குக் கை ஓங்கிவிட்டது. அடித்திருப்பாள், டீலியா அதைத் தடுக்கக் கை தூக்கியிருந்தால். அவள் தூக்கவில்லை.

"இத எந்தச் சாமியார்ட்டயும் நான் சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல மறச்சேன். மறச்சுப்புட்டு நன்மை வாங்குனேன், அது அதவிடப் பெரிய பாவம். நாலு வருசமா இந்த வாசல்ல நொழையுறேன். எனக்குப் பலன் கெடையாதுன்னு எனக்கே தெரியும். நான் எத்தன தடவ நொழஞ்சாலும் எங்க அப்பன் வெளிய வரமாட்டாரு. நிறுத்திட்டா ஊரு ஏன்னு கேக்கும்."

செபீனாவுக்கு ஆத்திரம் ஆறவில்லை, இரக்கமும் வரவில்லை. பொய்யைப் பொய்யாகவே காப்பாற்றிக்கொண்டு வாசலில் போய்ப்போய் வந்த இந்தப் பொம்பிளையோடுதான் இனியும் ஒரே அடுப்பில் சமைக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்போதுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது. ஞானஸ்நானத்தைப் பேர் சொல்லித்தானே கொடுப்பார்கள்?

"என்ன பேரு சொல்லி ஊத்துனீங்க?"

"கோல்மன். எங்க அப்பன் பேரு."

நாலு வருஷமாகத் தன் பிள்ளைக்குப் பேர் இருந்திருக்கிறது. அது ஒருத்திக்கு மட்டுந்தான் தெரிந்திருக்கிறது. செபீனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, உரக்க அழுதாள்.

"ஃபெஸ்டிட்ட சொல்லிராத, தாயி. ஒன் காலுல விழுறேன். அவன் என்ன ஆத்தாவா நெனச்சுக்கிட்டு இருக்கான்."

"நான் சொல்லல" என்றாள் செபீனா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நீங்க சொல்லணும். இன்னைக்கு ஜெபமாலையில."

அன்று பொழுது சாயும் நேரத்தில், எல்லா வீடுகளையும் போல, ஜன்னலில் அவர்கள் வீட்டுச் செத்தவர்களுக்கு மூன்று மெழுகுதிரிகள் எரிந்தன. செத்தவர்கள் வந்தால் உட்கார நாற்காலிகளை அடுப்புப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். மூவரும் தரையில் முழந்தாளிட்டார்கள். ஜெபமாலை முடிந்து செத்தவர்களின் பேர் சொல்லி வேண்டிக்கொள்ளும் இடம் வந்தது. அதைச் சொல்வது எப்போதும் டீலியாதான்.

"எங்க அப்பா கோல்மனுக்காக" என்றாள். மற்ற இருவரும் பதில் சொன்னார்கள். தம்பிக்காக. தாய்க்காக. அதோடு நிறுத்தினாள். முடிந்துவிட்டதென்று ஃபெஸ்டி சிலுவை போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான். செபீனா அவன் கையைப் பிடித்து மறுபடி முழந்தாளிடவைத்தாள். டீலியாவுக்கு உதவ அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"கோல்மனுக்காக" என்றாள் டீலியா.

"சொல்லியாச்சேக்கா."

"அது அப்பாவுக்கு. இது ஒம் மவனுக்கு."

பிறகு முழுவதையும் சொன்னாள், சவ்வு, தண்ணீர், அடுப்பு, ஒன்றையும் விடாமல். சாமியாரிடம் நாளை போகிறேன் என்றாள். ஃபெஸ்டி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கத்துவான் என்று பெண்கள் இரண்டு பேரும் பயந்தார்கள். அவனுக்குக் கத்தத் தெரியாது. கடைசியில் பேசினான், அக்காவிடம் இல்லை, செபீனாவிடம்.

"அன்னைக்குப் பெட்டியக் குழியில எறக்கையில பேர் சொல்லிக் கூப்புடணும்போல இருந்துச்சு. பேரு இல்லையே. லேய்னு மட்டும் கூப்புட்டேன். லேய், பயப்படாதலேன்னு."

வெளியே வைக்கோல் முகமூடிகள் நேற்றோடு ஓய்ந்திருந்தன. அலைச்சத்தம் மட்டும் கேட்டது. நாளைக்கும் இந்த மூன்று பேர் இதே மூன்று அறைகளில்தான் எழுந்திருக்க வேண்டும், அது செபீனாவுக்குத் தெரியும். தண்ணீர் பட்டது நிச்சயமில்லை, வேண்டுதல் போய்ச் சேராது என்று லாஃப்டஸ் சாமி சொல்வார் என்பதும் தெரியும். டீலியாவுக்காகக் காத்திராமல், செபீனாவே முழந்தாளை நேராக்கிக்கொண்டு தொடங்கினாள்.

"எங்க மகன் கோல்மனுக்காக" என்றாள். மற்ற இருவரும் பதில் சொன்னார்கள்.