கெட்டிமேளம் அடித்த வேதக்காரன்

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு யோசனை வந்தது. சிறுவர் ஆஸ்பத்திரிக்கு உதவுவதற்காக, ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் தங்களுக்குப் பிடித்த இசைக்கலைஞரைப்போல உடுத்து வரவேண்டும். மற்றவர்கள் கிற்றார், கறுப்புக் கண்ணாடி என்று சுகமாகத் தப்பிவிட்டார்கள். எனக்கோ சின்ன வயதிலிருந்தே ஒரு தவில் வித்துவான்மேல் பைத்தியம். தேவாலயப் பாடகர் குழுவுக்கு ட்ரம்ஸ் அடிக்கிற கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கனுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கோயில். திருவிழாக் காலத்தில் ஜன்னலைச் சாத்தினாலும் தவில் உள்ளே வந்துவிடும்.

ஆகவே அன்று காலை பட்டுவேட்டி, இடுப்பில் சால்வை, வெறும் மேல், நெற்றியில் சந்தனம். கோயில் மேளக்காரர் ஒருவர் தன் பழைய தவிலை இரவல் தந்து, பிடிக்கும் விதத்தையும் காட்டித் தந்திருந்தார். கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவையை மட்டும் முதுகுப் பக்கம் திருப்பிவிட்டேன். பஸ் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கொஹெத மகுல அய்யே?" என்றான். கலியாணம் எங்கேயாம். சிரித்து வைத்தேன். உள்ளே வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெள்ளவத்தையில் இறங்கி ஒரு கலியாண மண்டபத்தைக் கடந்தபோது, ஒரு பெண்மணி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். வெளிர்நிறச் சேலை, பொட்டில்லாத நெற்றி.

"தம்பி, வந்திட்டீங்களோ! மற்றாக்கள் எங்க?"

"எந்த மற்றாக்கள் அன்ரி?"

அவருடைய ஒரே மகளுக்கு அன்று கலியாணம். ஒழுங்கு பண்ணியிருந்த மேளக்காரரின் வான் வத்தளையில் பழுதாகி நிற்கிறதாம். முகூர்த்தம் எட்டேமுக்காலோடு முடிகிறது. அப்போது எட்டரை.

"நான் மேளக்காரன் இல்லை அன்ரி. ஒஃபீசில ஒரு செரிட்டிக்குப் போட்ட வேஷம் இது. நான் வேதக்காரன்." சங்கிலியைத் திருப்பிச் சிலுவையையும் காட்டினேன்.

அவர் சிலுவையைப் பார்த்தார். தவிலைப் பார்த்தார். "அதைப் பிறகு பாப்பம். அடிக்கத் தெரியுமோ?"

"தெரியும் எண்டு சொல்லேலாது."

"மேளமில்லாமல் தாலி ஏறினால் சனம் சும்மா இருக்குமே தம்பி? தேப்பன் இல்லாத பிள்ளை, தாய் ஒண்டையும் ஒழுங்காப் பாக்கேல்லை எண்டு சாகுமட்டும் சொல்லிக் காட்டுவினம்."

என்னை மண்டபக் கதவடிக்கு இழுத்துக்கொண்டு போனார். மேடையில் ஐயர் நேரத்தைப் பார்த்தபடி மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். மணமகளின் சித்தப்பாவும் சித்தியும்தான் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். கணவனை இழந்த தாய் மணவறைக்குக் கிட்டப் போகாமல் கதவடியிலேயே நின்றார். அந்த வழக்கத்தைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படுகிற நேரமா அது? யாரோ ஒரு மாமா போனில் கெட்டிமேளத்தைத் தேடிப்பிடித்து மைக்கில் வைத்தார். மேளத்துக்கு முதல் சிங்களத்தில் சவர்க்கார விளம்பரம் வந்தது. சபை சிரித்தது. அந்தத் தாய் சிரிக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். விட்டேன். மேடைக்குப் போகத் துணிவு வரவில்லை. கதவடியிலேயே நின்று, தவிலைத் தோளில் மாட்டி, வலக்கை விரல்களில் கூடுகளைச் செருகி, இடக்கையில் கழியைப் பிடித்தேன்.

ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்!" என்றார்.

அடித்தேன். நல்லகாலம், கெட்டிமேளத்துக்குப் பெரிய வித்தை தேவையில்லை. தாலி ஏறுகிற நேரம் தும்மல், அழுகை என்று அமங்கலச் சத்தம் எதுவும் காதில் விழாமல் பார்த்தால் போதும். பூவும் அரிசியும் பறந்தன. அப்போதுதான் எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தத் தாய் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். பொத்தியும் அடங்கவில்லை. போன மனிசனைக் கூப்பிட்டு, வாய்விட்டு அழுதார். கடைசி வரிசையில் ஒருத்தி தலையைத் திருப்பப் பார்த்தாள். விரல் பிய்ந்தாலும் பரவாயில்லை என்று அடித்தேன். மூன்று முடிச்சும் விழுந்து, ஐயர் போதும் என்று கைகாட்டியும் நிறுத்தவில்லை. அந்தத் தாய் அழுது ஓய்ந்து முகத்தைத் துடைக்கும்வரை அடித்தேன்.

"இந்த மேளக்காரனுக்கு என்ன விசரே?" என்றாள் கடைசி வரிசைக்காரி. அதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. சனம் என்னைத்தான் திட்டியது.

பின்னேரம் வரை அதே வேஷத்தோடு அலுவலகத்தில் ஆஸ்பத்திரி உண்டியலைத் தூக்கித் திரிந்தேன். விரல்கள் வீங்கியிருந்ததால் யார் கேட்டும் ஓர் அடிகூட அடித்துக் காட்டவில்லை. அதெல்லாம் பிறகு. மண்டபத்தை விட்டு நான் இறங்கும்போது, அந்தத் தாய் படிவரைக்கும் பின்னாலேயே வந்தார்.

"ஒருத்தருக்கும் கேக்கேல்லைத்தானே தம்பி?"

"இல்லை அன்ரி. ஒருத்தருக்கும் கேக்கேல்லை."

"உங்களுக்கு?"

"அந்தச் சத்தத்துக்க எனக்கு என்ன கேக்கும்?"

என் முகத்தைப் பார்த்தார். பிறகு "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, மகளைப் பார்க்க நேரே மணவறைக்குப் போனார்.