எங்கள் பள்ளியின் ஒரே ஆண் ஆசிரியர்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாலர் பள்ளிக்கு நான் பொறுப்பாளர். அங்கே நாங்கள் பதினொரு பெண்கள். தமிழ் கற்பிக்க வந்த இளைஞர் ஒருவர் மட்டுமே ஆண். அவருடைய நண்பர்கள் உயர்நிலைப் பள்ளியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் கற்பிக்கிறார்கள். அங்கெல்லாம் ஓர் ஆண் வகுப்பெடுப்பதை யாரும் வியந்து பார்ப்பதில்லை. தனக்குச் சின்னப் பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்று நேர்காணலில் சொன்னார்.

"மேசை தூக்க ஆள் கிடைச்சாச்சு லா," என்று எங்கள் சமையல் அக்கா சொன்னார். அந்த இளைஞரும் சேர்ந்து சிரித்தார்.

மறுவாரம் ஒரு தாய் என்னைத் தனியே அழைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பொம்பளப் பிள்ளைங்கள அவரு டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரா?"

போகமாட்டார் என்றேன். அன்று மாலையே விதியைத் தட்டச்சு செய்து அவருடைய வகுப்பறைக் கதவில் ஒட்டினேன். ஆண் ஆசிரியர் பிள்ளைகளுக்கு உடை மாற்றக்கூடாது, பெண் ஆசிரியரை அழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெற்றோர் கண்ணில் படும் உயரம் பார்த்து ஒட்டினேன். அவர் படித்துவிட்டு, "சரிக்கா," என்றார்.

ஒரு வியாழக்கிழமை காலை, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வகுப்பில் உடையை நனைத்துவிட்டாள். மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளோடு விளையாட்டுத் திடலில் இருந்தார்கள். அவர் வாசலில் நின்று என்னை அழைத்தார். நான் தொலைபேசியில் இருந்தேன். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். பன்னிரண்டு நிமிடம் பேசியிருக்கிறேன். பள்ளி நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நான் போனபோது சிறுமி ஈரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டியிருந்தாள். அவர் இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இதோ டீச்சர் வந்துட்டாங்கம்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உடை மாற்றிவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். "ஒரு துண்டாவது போத்திவிட்டிருக்கலாமே தம்பி."

"போத்தியிருப்பேன்க்கா. நாளைக்கு யாராச்சும் கேட்டா எனக்காகப் பேசுவீங்களா?"

நான் நனைந்த உடையைப் பையில் போட்டு முடிச்சிட்டேன். அவர் தரையைத் துடைக்கத் துணி எடுத்துவரப் போனார்.

அடுத்த மாதம் விலகினார். தேக்கா வட்டாரத்தில், உயர்நிலை மாணவர்களுக்கான துணைப்பாட வகுப்பில் வேலை கிடைத்ததாம். விலகல் படிவத்தில், 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தார். அதன் கீழே பொறுப்பாளர் தம் கருத்தை எழுத நான்கு வரி இடம் உண்டு. நான் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினேன்.