வடை எண்ணெயில் கோவளத்துக்கு ஒரு கல்யாணப் பயணம்

அஸ்தினாபுரத்திலிருந்து கோவளம் போக பஸ் இருக்கிறது, ஷேர் ஆட்டோ இருக்கிறது, கூப்பிட்டால் டாக்சி வருகிறது. நான் போனது என்னுடைய பழைய டீசல் அம்பாசிடரில். டிக்கியில் வடைக்கடை எண்ணெய், பின்சீட்டில் மணப்பெண். போன தை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. "அந்த எண்ணெய் வண்டியைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்காக இந்தப் பயணத்தையே எழுதுகிறேன். சந்தோஷமும் அதில்தான் இருந்தது, நான் செய்த தப்பும் அதில்தான் இருந்தது.

மணப்பெண் ஸ்டெல்லா. குரோம்பேட்டையில் பதினோரு வருடமாக வடைக்கடை வைத்திருக்கிறாள். வயது நாற்பத்து மூன்று, முதல் கல்யாணம். ஒரு நாள் காய்ந்த எண்ணெயை மறுநாள் சட்டியில் ஊற்றமாட்டாள். அந்த மிச்ச எண்ணெய்தான் என் வண்டிக்கு. நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், படித்ததைச் செய்து பார்த்துவிடலாமே என்று தோன்றியது. "இது வண்டியா, வடைச்சட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதோடு சரி, தடுக்கவில்லை.

சமையல் எண்ணெய் டீசலைவிடக் கெட்டி. சூடானால்தான் இளகி எஞ்சினுக்குள் ஒழுங்காகப் போகும். அதனால் டிக்கியில் இருபது லிட்டருக்கு இரண்டாவது டேங்க் வைத்து, ரேடியேட்டரின் சுடுதண்ணீர்க் குழாயை அதற்குள் சுற்றவிட்டிருக்கிறோம். டீசலில் கிளப்பி, பத்து நிமிடம் ஓட்டி, எஞ்சின் சூடானதும் ஒரு சுவிட்சைத் தட்டினால் எண்ணெய்க்கு மாறும். நிறுத்துவதற்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் திரும்ப டீசல். மெக்கானிக் கூலியோடு பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. எண்ணெய்க்குத் தனி ஃபில்ட்டர் போடச் சொன்னார் மெக்கானிக். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்றேன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை அந்தோணி, மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். தினமும் காலையில் ஸ்டெல்லா கடையில் இரண்டு வடை சாப்பிட வந்தவர், ஒரு நாள் சாப்பிட்டு முடித்தும் கிளம்பாமல் நின்றாராம். அப்படித்தான் ஆரம்பம். கல்யாணம் அவருடைய ஊரில், கோவளம் பக்கத்தில் ஒரு சின்ன தேவாலயத்தில்.

"அக்கா, என் கல்யாணத்துக்கு உங்க வண்டிதான். வாடகை கார்லாம் வேணாம்" என்றாள்.

"வெள்ளைப் புடவைல வடை வாசனை ஏறிடும், பரவாயில்லையா?"

"பதினோரு வருசமா என் மேல அந்த வாசனதான் கீது. அத மோந்துகினுதான அவரு வந்தாரு!"

சிக்கல் ஒன்றுதான். பங்குத் தந்தைக்குப் பதினொன்றரை மணிக்கு வேறொரு ஊரில் பூசை. "பத்தரைக்குப் பொண்ணு இங்க இருக்கணும்" என்று இரண்டு தடவை சொல்லியனுப்பியிருந்தார்.

ஏழு மணிக்கே உறவுக்காரர்கள் எல்லோரும் வேனில் கிளம்பிவிட்டார்கள். நான் ராதா நகரில் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, வண்டிக்குப் பூ வாங்கப் போய் வந்தேன். 8.10க்குப் புறப்பட்டோம். திங்கட்கிழமை காலை ஜி.எஸ்.டி. ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரம் தாண்டவே 8.40. பெருங்களத்தூரில் சுவிட்சைத் தட்டினேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மெத்தென்றாகும், அதை வைத்தே தெரியும். "மாறிடுச்சா?" என்று ஸ்டெல்லா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி மோந்து பார்த்தாள். பக்கத்தில் பைக்கில் வந்தவரும் மோந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வண்டலூரில் இடது பக்கம் திரும்பினால் கேளம்பாக்கம் ரோடு. அங்கே திரும்பும்போது சரியாக ஒன்பது மணி. இன்னும் இருபத்து மூன்று கிலோமீட்டர்தான், தாராளமாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். கண்டிகை தாண்டியதும் வண்டி இழுக்க மறுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இருமியது. டீசலுக்கு மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இருமல்தான். மாம்பாக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், 9.22க்கு, ஒரு புங்க மரத்தடியில் உருண்டு போய் நின்றது.

பானெட்டைத் திறந்தேன். ஃபில்ட்டர் அடைத்திருக்கிறது. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை. எண்ணெயை மொட்டை மாடியில் இரண்டு வாரம் தெளியவைத்து, தண்ணீர் போகக் காய்ச்சி, மெல்லிய சல்லடைப் பையில் வடிகட்டித்தான் ஊற்றுவேன். எங்கே தப்பு என்று புரியாமல் நின்றேன்.

பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல். "அக்கா, திட்டாதீங்க."

"என்ன பண்ணின?"

"நேத்து சாயங்காலம் கல்யாணத்துக்கு வடை போட்டேன்ல? அந்த எண்ணெய் ஒரு அஞ்சு லிட்டரு, நீங்க பூ வாங்கப் போனப்ப டேங்க்ல ஊத்திட்டேன்."

"வடிகட்டினியா?"

"துணில வடிகட்டினேன். என் கல்யாண எண்ணெயும் இந்த வண்டில வரணும்னு ஆசையா இருந்துச்சுக்கா."

கோபம் வந்தது, மறைக்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்று கத்திவிட்டேன். அவள் தலையில் வலை முக்காடு, கையில் பூச்செண்டு, கண்ணில் மை. அழுதால் எல்லாம் போய்விடும் என்று மேலே பார்த்துக்கொண்டு வேக வேகமாக இமைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. தனி ஃபில்ட்டர் போட்டிருந்தால் டீசலில் ஜம்மென்று போயிருப்போம். தப்பில் பாதி என்னுடையது.

நல்லவேளை, மாற்று ஃபில்ட்டர் ஒன்று டிக்கியில் இருந்தது. கழற்றி மாட்டுவது பெரிய வேலை இல்லை. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் வேலை. ஒருவர் கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்றதும் முறுக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. ஸ்டெல்லா ஏற்கெனவே இறங்கிவிட்டாள். வடை பார்சல் கட்டும் பிளாஸ்டிக் கவரை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, "எத அழுத்தணும்?" என்றாள்.

அந்த நேரம் தண்ணீர் கேன் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா மேடம், உள்ள எவனாவது வடை சுட்டுகினு கீறானா?"

விஷயத்தைச் சொன்னேன். வண்டியைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார், அவள் கையிலிருந்த கவரைப் பார்த்தார். "கல்யாணப் பொண்ணு போய் பம்ப் அடிக்கிறதா? பேஜார் பண்ணாத, நகரும்மா" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே அழுத்த ஆரம்பித்தார். நான் ஸ்க்ரூவைப் பிடித்தேன். ஸ்டெல்லா போனில் நேரம் பார்த்து, ஒன்பது நாற்பது, ஒன்பது ஐம்பது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வண்டி கிளம்பியது. காசு கொடுத்தால் அவர் வாங்கவில்லை. "சர்ச்ல எனக்கும் சேர்த்து ஒரு ஜெபம் பண்ணுமா" என்றார். ஸ்டெல்லா பூச்செண்டிலிருந்து ஒரு ரோஜாவை உருவிக் கொடுத்தாள். அதை ஸ்டியரிங்கில் செருகிக்கொண்டு போனார்.

மீதி தூரத்தை டீசலிலேயே ஓட்டினேன். "அப்ப என் எண்ணெய்ல போய் இறங்க முடியாதா?" என்று அவள் கேட்டபோது கஷ்டமாகத்தான் இருந்தது. "முதல்ல போய் இறங்கு, மத்தது அப்புறம்" என்றேன். புதுப்பாக்கம், கேளம்பாக்கம் சிக்னல், பிறகு உப்பங்கழிப் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ரோடு, கண்ணாடியை இறக்கினால் முகத்தில் உப்புக்காற்று. வேறு நாளாக இருந்தால் நிறுத்தி நாரைகளைப் பார்த்திருப்போம். 10.26க்குத் தேவாலய வாசலில் நிறுத்தினேன். அந்தோணி ஓடி வந்து கதவைத் திறந்தார். என் முன்னாலேயே குனிந்து அவள் தோளருகே மோந்து பார்த்து, "நல்லா முறுகலா வந்திருக்க" என்றார். ஸ்டெல்லா பூச்செண்டால் ஒன்று வைத்தாள். பங்குத் தந்தை கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி நின்றார்.

திருப்பலி முடிந்து பிரியாணி. அந்தோணியின் நண்பர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் தண்ணீர் லாரி ஓட்டுபவர்கள். டேங்கைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், ஒருவர் ஓஸ் குழாயோடு வந்துவிட்டார். கலங்கல் எண்ணெயைக் கேனில் பிடித்து மூடி, நான் எப்போதும் கையோடு வைத்திருக்கும், தெளியவைத்த ஸ்டெல்லா கடை எண்ணெய் பத்து லிட்டரை ஊற்றினோம்.

3.15க்குத் திரும்பினோம், இப்போது பின்சீட்டில் இரண்டு பேர். கேளம்பாக்கத்தில் சுவிட்சைத் தட்டியதும், "உன் எண்ணெய்ல போறோம்" என்று திரும்பாமலே சொன்னேன். ஸ்டெல்லாவைக் கண்ணாடியில் பார்த்தேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது, மை வழிய, சிரித்துக்கொண்டே. பழைய மாமல்லபுரம் ரோட்டில் சோழிங்கநல்லூர் வரை பதினைந்து கிலோமீட்டர் ஒரு இருமல் இல்லை. அங்கே இடதுபக்கம் திரும்பி எட்டு கிலோமீட்டர் மேடவாக்கம். கூட்டு ரோட்டில் வழக்கமான நெரிசல். முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் ஒன்று. வழக்கமாக அந்த ஹாரன் சத்தத்துக்கு எனக்குத் தலைவலி வரும். அன்றைக்கு அவர்கள் ஹாரன் அடித்தது அந்தோணியைப் பார்த்துவிட்டு.

"அக்கா, நம்ம லாரிக்கும் இத ஊத்தலாமா?" என்று கேட்டார் அந்தோணி.

"புது லாரி எஞ்சின் தாங்காது, அந்தோணி."

"தாங்கினாலும் நான் தரமாட்டேன். அவ்ளோ வடை யாரு சுடறது?" என்றாள் ஸ்டெல்லா.

4.50க்கு அவர்களை இறக்கிவிட்டு, 5.30க்கு வீடு வந்தேன். போய் வர மொத்தம் 74 கிலோமீட்டர். ஃபில்ட்டர் முந்நூற்று இருபது ரூபாய், பூ இருநூறு.

முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு. காமன் ரெயில் என்று சொல்லும் புது டீசல் வண்டிகளில் தயவுசெய்து ஊற்றாதீர்கள், பம்பும் இஞ்செக்டரும் போய்விடும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்குத்தான் இது. டேங்க் மாற்றுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டுக்காரர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விசாரிப்புக்கே எனக்கு மூன்று மாதம் ஆனது. எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, சூடான வாணலியில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் அது இன்னும் தயாராகவில்லை. மார்கழி, தை காலைகளில் எண்ணெய் இன்னும் கெட்டியாக இருக்கும், பத்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் டீசலில் ஓட்டுங்கள். எண்ணெய்க்குத் தனி ஃபில்ட்டர் போடுங்கள். நான் அடுத்த வாரமே போட்டுவிட்டேன், மெக்கானிக் சிரித்தார். டேங்க் மூடிக்குப் பூட்டும் போட்டிருக்கிறேன். காரணம் கேட்காதீர்கள்.

இந்த வண்டியால் எவ்வளவு மிச்சம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் வடிகட்டும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் யார் சமைத்த எண்ணெயில் போகிறோம் என்று தெரிந்து நான் ஓட்டிய வண்டி இது ஒன்றுதான்.

ஸ்டெல்லா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறப்பதில்லை. எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறாள். எங்கள் தெருக்கோடி மைதானத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். அந்தோணி கற்றுக்கொடுத்தால் சண்டை வருகிறதாம். போன வாரம் வண்டி நான்கு தடவை நின்று, ஐந்தாவது தடவை மூன்றாம் கியர் விழுந்தது. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, கையை எடுக்காமல், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அக்கா, அடுத்த தபா கோவளத்துக்கு நீங்க பின்னாடி உக்காருங்க."