ஓரெஸ்ட் பார்க்கவில்லை என்று சொன்னது

ஓரெஸ்ட் ஹ்லாடுனை நல்லவர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. எங்கள் சபையில் அந்தச் சொல்லை எல்லோருக்கும் கொடுத்துத் தேய்த்துவிட்டோம். முறையானவர் என்று சொல்வேன். மனிடோபாவில் எங்கள் சிற்றூரின் கடைவீதியில் முப்பது ஆண்டுகள் ஜன்னல் கழுவினார். யெகோவாவின் சாட்சிகளில் பலருக்கு அதுதான் தொழில். காலையில் கண்ணாடி, மதியம் வீடு வீடாகப் போய் ஊழியம். ஜனவரியில் வாளித் தண்ணீர் உறையாமலிருக்க, கார்க் கண்ணாடிக்கு ஊற்றும் நீல திரவத்தைக் கலப்பார். விரல்கள் வெடித்திருக்கும். அதைப் பற்றிப் பேசமாட்டார்.

அவருடைய சித்தப்பா சாட்சி அல்ல, பழைய உக்ரேனிய விவசாயி. பன்றி அறுக்கும் நாளில் இரத்தமும் தானியமும் அடைத்த குடலை வறுத்து வைப்பார். ஓரெஸ்ட் தட்டை மெல்ல நகர்த்துவார்.

"ஊர்க் கண்ணாடிய எல்லாம் தொடைக்கிற. ஒரு துண்டு சாப்பிட்டா உன் கடவுளுக்கு மேல இருந்து தெரிஞ்சிடுமா?" என்பார் சித்தப்பா.

"நல்லா தொடைச்சிருக்கேனே சித்தப்பா, தெரியும்" என்பார் ஓரெஸ்ட்.

அவர் செய்த ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன். இரத்தம் விஷயத்தில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை. சாப்பிடக்கூடாது, ஏற்றிக்கொள்ளவும் கூடாது. 'இரத்தம் வேண்டாம்' என்ற அட்டை அவர் பர்ஸில் உண்டு, மனைவி லொரெட்டாவின் பையில் உண்டு, மகள் டெஸ்ஸாவின் பள்ளிப் பையில் உண்டு. டெஸ்ஸா பதின்மூன்று வயதில் ஞானஸ்நானம் எடுத்தவள்.

அடுத்த ஆண்டே அவளுக்குக் குடல் புண்ணாகி இரத்தம் போக ஆரம்பித்தது. பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சிகிச்சையை மறுத்தால் விஷயம் நீதிபதியிடம் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். பிள்ளை சொந்தமாகத்தான் யோசிக்கிறது என்று நீதிபதி நம்பவேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை மாலைகளில், சாப்பாடு முடிந்ததும், ஓரெஸ்ட் நீதிபதியாகிவிடுவார். நான், கிளென், சபையில் அவரோடு மூப்பராக இருந்தவன். பல செவ்வாய்களில் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

"குமாரி ஹ்லாடுன், இரத்தம் ஏத்தலைன்னா நீ செத்துப்போகலாம்னு புரியுதா?"

"புரியுது, கனம் நீதிபதி அவர்களே. உங்க மீசைல க்ரீம் ஒட்டியிருக்கு."

"டெஸ்ஸா."

"சாரிப்பா. புரியுது. இது என் சொந்த முடிவு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல."

"'கட்டாயப்படுத்தல'ன்னு சட்டுனு சொல்லாத" என்றாள் லொரெட்டா, பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே. "மனப்பாடம் பண்ண மாதிரி இருக்கு. கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்லு."

டெஸ்ஸா கொஞ்சம் யோசிப்பதற்கும் பழகினாள்.

பிப்ரவரியில் வின்னிபெக் மருத்துவமனையில் அவளுடைய ஹீமோகுளோபின் நாலரைக்கு இறங்கியது. மருத்துவர் பிள்ளைகள் நலத்துறையைக் கூப்பிட்டார். அவர்கள் அவளைத் தற்காலிகமாகத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். நீதிபதி தொலைபேசியில் வந்தார். கட்டில் பக்கத்து மேசையில் வைத்த ஸ்பீக்கரில் அந்தப் பெண்மணியின் குரல் கேட்டது. பழகிய கேள்விகளையே கேட்டார். டெஸ்ஸா பழகியபடியே பதில் சொன்னாள், இடையிடையே யோசித்து. பிறகு நீதிபதி, டெஸ்ஸாவும் அவளுக்கு நியமித்த வழக்கறிஞரும் தவிர மற்றவர்கள் பத்து நிமிடம் வெளியே போகவேண்டும் என்றார். அதற்கு நாங்கள் அவளைத் தயார் செய்திருக்கவில்லை.

இருபது நிமிடம் ஆனது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரத்தம் ஏற்றலாம் என்று உத்தரவு வந்தது. சிறுமியின் விருப்பத்தையும் கருத்தில் கொண்டதாக அதில் ஒரு வரி இருந்தது. எது அவள் விருப்பம் என்று எழுதியிருக்கவில்லை.

லொரெட்டா மருத்துவமனையின் பிரார்த்தனை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இயந்திரத்தில் இரண்டு காபி பிடித்துக்கொண்டு வந்தபோது, ஓரெஸ்ட் வார்டு கதவின் கண்ணாடிச் சதுரத்தின் முன் நின்றிருந்தார். நானும் பார்த்தேன். நர்ஸ் பையைத் தொங்கவிட்டுக் கட்டிலருகே வந்தாள். ஏதோ கேட்டாள். டெஸ்ஸா பைஜாமாக் கையை முழங்கைவரை சுருட்டி, கையைத் திருப்பி நீட்டினாள். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. நர்ஸ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் காபியை நீட்டினேன். ஓரெஸ்ட் வாங்கிக்கொண்டார்.

டெஸ்ஸா தேறினாள். மார்ச் இறுதியில் வீட்டுக்கு வந்தாள். கூடவே கேள்வியும் வந்தது. பலவந்தமாக ஏற்றினால் அவள்மேல் குற்றமில்லை. மனமுவந்து ஏற்று, அதற்காக வருந்தாமலும் இருந்தால், அவள் இனி சாட்சி அல்ல என்று மேடையில் ஒரு வரி அறிவிப்பு வரும். அதன் பிறகு நாங்கள் கூடும் மன்றத்தில் யாரும் அவளோடு பேசமாட்டார்கள். அவளுடைய தோழிகள் அத்தனை பேரும் அந்த மன்றத்தில் இருந்தார்கள். பக்கத்துச் சபையிலிருந்து ராய் பென்னர் என்ற மூப்பரும் நானும் விசாரிக்கப் போனோம்.

டெஸ்ஸா சோபாவில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். பென்னர் கனிவானவர். அவளுக்கு டோனட் வாங்கி வந்திருந்தார்.

"கண்ணு, அன்னிக்கு நீ எதிர்ப்புத் தெரிவிச்சியா?"

"நீதிபதிகிட்ட வேணாம்னு சொன்னேன், பிரதர்."

"சரி. அப்புறம்? நர்ஸ் வந்தப்போ?"

டெஸ்ஸா யோசித்தாள். அது பழகிய யோசனை இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

"அவ களைச்சுப் போயிருந்தா, ராய்" என்றார் ஓரெஸ்ட். "நானும் கிளெனும் அப்ப அங்க இல்ல. கீழ காபி குடிக்கப் போயிருந்தோம். திரும்பி வர்றதுக்குள்ள ஏத்திட்டாங்க. அவளால என்ன செய்ய முடியும்?"

நாற்பது ஆண்டுகளில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சரளமாக வந்தது. பென்னர் என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றேன். "காபி நல்லாவே இல்ல."

பென்னர் தலையசைத்தார். 'பலவந்தமாக' என்று நான்தான் குறிப்பில் எழுதினேன். டெஸ்ஸா தன் தந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லொரெட்டா டோனட்டை நான்காக வெட்டினாள்.

கையை நீட்டுவது சம்மதமா என்று நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். பெரியவர்கள் கேட்டால் கையை நீட்டு, நன்றி சொல் என்று வளர்ந்த பிள்ளை அவள். மரியாதைக்கும் விருப்பத்துக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

மூன்று வாரம் கழித்து ஓரெஸ்ட் மூப்பர் பொறுப்பை விட்டார். வேலை அதிகம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். ஏப்ரல் மாதம், பாதி ஜன்னல்களில் குளிருக்கு மாட்டிய இரண்டாவது கண்ணாடியை இன்னும் கழற்றியிருக்கவில்லை. மருந்துக் கடை முன்னால் அவரைப் பார்த்தேன்.

"ஏன்டா விட்ட?"

"பொய் சொன்னவன் மேடைல நின்னு பேசக்கூடாது."

"அப்ப நான்?"

"அது உன் பாடு."

ரப்பர் துடைப்பானை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். நான் அங்கேயே நின்றேன்.

"அவகிட்ட கேட்டியா? அன்னிக்கு மனசாரத்தான் கைய நீட்டினியான்னு?"

"இல்ல."

"கேக்கமாட்டியா?"

"கேட்டா உண்மையச் சொல்லிடுவா, கிளென். அப்படித்தான வளத்திருக்கோம்."

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

நான் இப்போதும் மேடையில் நின்று பேசுகிறேன். அவர்கள் மூவரும் கடைசி வரிசையில் உட்காருகிறார்கள். கூட்டம் முடிந்ததும் டெஸ்ஸாவைச் சுற்றி அவள் தோழிகள் நிற்கிறார்கள். எதற்கோ சிரிக்கிறார்கள். ஓரெஸ்ட் கோட்டை மாட்டிக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார்.