துருத்துக் கிணறு

"கள்ளக்கடல் எச்சரிக்கை இனயத்துப் பக்கத்துக்குத்தான், இங்கே இல்லை" என்று நான் ஒரு பெண்ணிடம் சொன்னேன். அது பொய். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். மாவட்டத்துக் கரை முழுவதற்கும் எச்சரிக்கை என்று என் சட்டைப்பையில் இருந்த கைபேசியில் காலையிலேயே செய்தி வந்திருந்தது. அவள் என்னை நம்பி மண்வெட்டியை எடுத்தாள். அன்றோடு அவள் வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது.

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன். நாஞ்சில் நாட்டில் வயல்காரக் குடும்பம். ஓய்வு பெற்ற பிறகு, பழைய மாணவன் ஒருவன் நடத்திய அறக்கட்டளைக்கு ஆலோசகனாக இருந்தேன். கடலோரத்தில் கண்டல் மரங்களை, அதாவது அலையாத்திகளை, வளர்ப்பது அவர்கள் வேலை. பெரிய புயல் ஒன்று எங்கள் கரையை அடித்துப் போட்ட பிறகு அந்த வேலைக்குத் திடீரென்று மதிப்பு வந்திருந்தது. சிறு தீவுகளின் காட்டைக் காக்கவும், கடல் ஏறினால் அங்கிருப்பவர்கள் தாக்குப்பிடிக்கவும் வெளிநாட்டு நிதியம் ஒன்று பணம் தருகிறது என்று ஒரு நாள் அவன் வந்து சொன்னான்.

"நம்ம கிட்ட தீவு எங்கடே இருக்கு?" என்றேன்.

"துருத்து இருக்கே சார்."

"அது ஆத்துக்குள்ள கிடக்க மண்ணுடே."

"நாலு பக்கமும் வெள்ளம் உண்டா, இல்லியா? அப்பம் தீவுதான்."

எங்கள் பக்கத்துப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். இரண்டு பேரும் சிரித்தோம். விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

அந்தப் பொழிமுகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கடியப்பட்டணத்துக்கு மேற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். அந்த மணல் திட்டைத்தான் பொழி என்கிறோம். மழை தொடங்கியதும் ஆற்றுத் தண்ணீர் பொழிக்குப் பின்னால் தேங்கி ஏறும். மேலே வயல்களை மூழ்கடிப்பதற்குள் பொழியை வெட்டிவிட வேண்டும். ஆனால் ஆற்றில் போதிய தண்ணீர் நிற்காமல் வெட்டினால், ஆறு வெளியே போவதற்குப் பதில் கடல் உள்ளே வரும். வெட்டும் வேளைதான் எல்லாம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொழி வெட்டும் நாளில் முதல் மண்வெட்டியைத் துருத்திலேயே மிகவும் தாழ்ந்த தரையில் இருக்கும் வீட்டுக்காரர் போட வேண்டும். வெட்டு பிழைத்துப்போனால் முதலில் நனையப்போவது அந்த வீடு. அவர்கள் கைப்பட மண் எடுக்காமல் வேறு யாரும் பொழியைத் தொடமாட்டார்கள். கடற்கரை ஊர்க்காரர்களும் மேலே உள்ள வயல்காரர்களும் எத்தனையோ விஷயங்களில் அடித்துக்கொண்டவர்கள். இதில் மட்டும் தகராறு கிடையாது.

அப்போது தாழ்ந்த வீடு அவளுடையது. கணவர் இல்லை. மகளை இனயத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஒரு பசு உண்டு; காலையில் வள்ளத்தில் பால் கொண்டுபோய் அக்கரைச் சாயாக்கடையில் கொடுப்பாள். எங்கள் கண்டல் நாற்றங்காலிலும் கூலிக்கு வேலை பார்த்தாள். அவள் வீட்டு முற்றத்தில்தான் துருத்தின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றிலும் உப்புக்கரிக்கும் ஆறு. நடுவில் அந்தக் கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரி தண்ணீர். துருத்து வீடுகள் எல்லாமே அதை நம்பித்தான் இருந்தன.

நிதியத்தின் திட்டத்தில் இரண்டு வேலைகள் இருந்தன. கண்டல் நடுவது ஒன்று. வீடுகளையும் கிணற்றையும் சுற்றி மண் வரம்பு கட்டுவது மற்றொன்று. முதல் தவணை வந்ததும் முழுவதையும் கண்டலுக்கே செலவழித்தோம். வரிசையாக நிற்கும் கன்று புகைப்படத்தில் அழகாக விழும்; மண் வரம்பு வெறும் மண்ணாகத்தான் தெரியும். இந்த யோசனை மாணவனுடையது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, அந்தக் கூட்டத்தில் முதலில் வாய் திறந்தவன் நான்.

அடுத்த பிழை கன்றுகளை நட்ட இடம். மேட்டு நிலமெல்லாம் தென்னை. அதனால் தாழ்ந்த சேற்றில் நட்டோம். பொழி அடைந்து தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முதலில் முழுகியது கன்றுகள்தான். கண்டல் தண்ணீரில் வளரும் மரம் என்பது சரி. ஆனால் ஏறி இறங்கும் தண்ணீர் வேண்டும். இலை முங்கத் தேங்கி நின்றால் கன்று அழுகிவிடும். இதை எத்தனையோ வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அந்த நேரத்தில் நிதியத்தின் அதிகாரி டெல்லியிலிருந்து பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. கன்றுகள் உயிரோடு நின்றால் இரண்டாம் தவணை. இல்லாவிட்டால் இல்லை. துருத்தைச் சுற்றிலும் கலங்கிய தண்ணீர்தான் தெரிந்தது. ஓர் இலைகூட வெளியில் இல்லை. மாணவன் கரையில் குந்தியிருந்து நகத்தைக் கடித்தான்.

"பொழியை வெட்டிருவோமா சார்?"

"ஆத்துல இன்னும் வெள்ளம் காணாதுடே."

"கொஞ்சம் இறங்கினா போதும். இலை தெரிஞ்சா போதும்."

இரவெல்லாம் எனக்கு உறக்கமில்லை. விடிந்ததும் கைபேசியில் கள்ளக்கடல் எச்சரிக்கை; எங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் யாரும் அறிவிக்கவில்லை. காற்றும் மழையும் இல்லாத நாளில், எங்கோ தொலைவில் கிளம்பிய அலை கரை ஏறி வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன்.

அவள் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் நின்றே பேசினோம்.

"தங்கச்சி, இன்னைக்குப் பொழி வெட்டணும். ஊருக்காரங்க கிட்டயும் சொல்லியாச்சு."

"இன்னைக்கா? வெள்ளம் இன்னும் ஏறல்லியே சாரே."

"கன்னு எல்லாம் அழுகிப்போவும். அவங்க பணம் தந்தாத்தான் ஒனக்க கிணத்தைச் சுத்தி வரம்பு கட்ட முடியும்."

இரண்டாம் தவணையிலும் வரம்புக்கென்று எதையும் நாங்கள் ஒதுக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "பிள்ளை இனயத்துல இருந்து விளிச்சா. அங்க கள்ளக்கடல் பறஞ்சிருக்காவளாம். இஞ்சயும் உண்டா சாரே?"

ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

"அது இனயத்துப் பக்கம்தான். இங்க இல்ல."

"படிச்சவிய பறஞ்சா செரிதான்" என்று முந்தானையை இடுப்பில் செருகினாள். கேலியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள்.

பட்டப்பகலில், ஊர் பார்க்க, முதல் மண்வெட்டியை அவள் போட்டாள். பிறகு இளைஞர்கள் இறங்கினார்கள். கொஞ்ச நேரம் ஆற்றுத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடியது. கன்றுகளின் நுனி தெரிந்தது. மாணவன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் அடித்தது, காற்று இல்லை. மதியம் தாண்டி, அடிவானத்திலிருந்து நீளமாக ஒரு வீக்கம் வந்தது. நுரைகூட இல்லை. வெட்டிய வாய் வழியாக அது அப்படியே உள்ளே நுழைந்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறு நின்றது; பிறகு திரும்பியது.

"லே, கேறி வாருங்கலே!" என்று யாரோ கத்தினார்கள். இளைஞர்கள் கரையேறிவிட்டார்கள். அவள் மட்டும் வள்ளத்தை நோக்கி ஓடினாள். பசு கட்டிக் கிடந்தது.

பசுவை அவிழ்த்துவிட்டாள். கிணற்றை என்ன செய்ய முடியும்? கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கடல் உள்ளே இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார்கள். நான் அக்கரையில் நின்றேன். போகவில்லை.

டெல்லி அதிகாரி வந்தபோது தண்ணீர் இறங்கியிருந்தது. உப்புத் தண்ணீர் ஏறி இறங்கியதில் கன்றுகள் உயிர் பிடித்துக்கொண்டன. அவர் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வரிசை வரிசையாகப் படம் எடுத்தார். என் கையைக் குலுக்கினார். இரண்டாம் தவணை வந்தது. இன்று அங்கே போனால் நல்ல காடு. கொக்கு கூடு கட்டியிருக்கிறது. இறால் குஞ்சுகள் வேர்களுக்குள் ஓடுகின்றன. அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்குச் சங்கடம்தான்.

கிணற்றை இறைத்து இறைத்துப் பார்த்தார்கள். உப்பு போகவில்லை. அவள் பசுவை விற்றுவிட்டாள். சில வீட்டுக்காரர்கள் அக்கரைக்குக் குடிபோனார்கள். கடல் பண்ணிய வேலை என்றே எல்லோரும் பேசினார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஒரு மழைக்காலம் முழுவதும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி அடுத்த முறை வந்தபோது ஆற்றங்கரைக் கொட்டகையில் கூட்டம். என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து, வரம்புக்கான பணத்தைக் கன்றுக்குப் போட்டதையும், எச்சரிக்கையை மறைத்ததையும் சொல்லிவிட்டேன். மாணவன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். நிதியம் அத்தோடு பணத்தை நிறுத்தியது. நாற்றங்கால் மூடியது, துருத்துப் பெண்களுக்கு இருந்த கூலியும் போனது.

"சாருக்கு மனசாட்சி வந்துட்டு, நமக்குக் கஞ்சி போச்சு" என்று நான் கேட்கவே ஒருத்தி சொன்னாள்.

கிணற்று வீட்டுக்காரியிடம் போனேன். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணைக்கு பொய் பறஞ்சது எங்கிட்ட இல்லியா? அப்பம் உள்ளத எங்கிட்டல்லா முதல்ல பறஞ்சிருக்கணும். டெல்லிக்காரருகிட்ட பறஞ்சது யாருக்கு வேண்டி?"

மன்னிப்பு என்று தொடங்கினேன்.

"அதொண்ணும் பறய வேண்டாம். குடிக்க வெள்ளம் கொண்டு வாரும்."

அக்கரையிலிருந்து வள்ளத்தில் குடிநீர் வர ஏற்பாடு செய்தேன். ஓய்வுப் பணத்தை எடுத்து, கூலி போன பெண்களையே வேலைக்கு வைத்து, கிணற்றையும் வீடுகளையும் சுற்றி வரம்பு கட்டினேன். "மொத தவணைப் பணத்துலயே கெட்டியிருந்தா இந்த வினை வந்திருக்காது" என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னது சரி. வரம்பு இருப்பதால் கிணறு இனிமேல் கெடாமல் இருக்கலாம். கெட்டதை அது திருப்பித் தராது. மழை ஊறி ஊறித்தான் உப்பு இறங்க வேண்டும்.

இந்த வருடம் பொழி மறுபடி நிறையத் தொடங்கியது. மேலே வயல்களில் நட்ட நாற்றுக்குத் தண்ணீர் கழுத்து வரை. அதில் என் அண்ணன் மகனுடைய வயலும் உண்டு. அவன் வீட்டுக்கு வந்து நின்றான்.

"சித்தப்பா, ஒங்க பேச்சத்தான் அந்த அம்மா கேப்பா. இன்னைக்கே வெட்டச் சொல்லுங்க."

"எம் பேச்ச ஏன்டே அவ கேக்கணும்?"

"வேற யாரு இருக்கா? அண்ணைக்கு ஒங்களாலதானே வெட்டினாவ?"

போனேன். அவனும் கூட வந்தான். வரம்பின் மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் வள்ளங்களில் காத்திருந்தார்கள். கடல் இரைச்சல் துருத்து வரைக்கும் கேட்டது.

"என்ன சாரே, வெட்டலாமா?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கைபேசியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எச்சரிக்கை இருந்தது. "ஆத்துல வெள்ளமும் காணாது. இப்பம் வெட்டினா கடல் உள்ள கேறலாம். கேறாமலும் போவலாம். எனக்கு உறப்பாச் சொல்ல முடியாது."

"சித்தப்பா!" என்றான் அண்ணன் மகன்.

"வயலு அழுகும். அதும் உள்ளதுதான்" என்று அவளிடம் சொன்னேன்.

அவள் கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு மண்வெட்டியைத் திண்டில் சாய்த்து வைத்தாள். "இன்னைக்கு இல்ல" என்றாள். வள்ளத்தில் இருந்தவர்கள் ஏசினார்கள். அவளை மட்டுமல்ல, என்னையும்தான். ஒவ்வொரு நாளும் வந்து ஏசினார்கள். தண்ணீர் வரம்பின் தோள்வரை வந்து நின்றது, அவளும் உறங்கியிருக்கமாட்டாள். கடைசியில் மலைப்பக்கம் நல்ல மழை பெய்து, கடல் அமர்ந்த ஒரு காலையில் மண்வெட்டியை எடுத்தாள். ஆறு ஒரே பாய்ச்சலாக வெளியே போனது.

அண்ணன் மகனின் நாற்று அழுகிவிட்டது. மறுபடி நட்டான். என்னோடு பேசுவதில்லை. கள்ளக்கடல் அந்த நாட்களில் எங்கள் கரைக்கு வரவுமில்லை. "வெட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதே" என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஆகாமலும் போயிருக்கலாம்.

மழை விட்ட பிறகு துருத்துக்குப் போயிருந்தேன். அவள் கிணற்றில் வாளி விட்டு இறைத்து, ஒரு கை அள்ளிக் குடித்தாள். வழக்கம்போலத் துப்புவாள் என்று பார்த்தேன். விழுங்கிவிட்டாள். பிறகு வாளியை என் பக்கம் நீட்டினாள். நானும் குடித்தேன். உப்பு இருந்தது, முன்பைவிடக் குறைவாக.

"சோறு வைக்க ஆவாது" என்றாள். "மாடு குடிக்கும்."

பசு ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வாங்க வேண்டிய வேளை வந்தால் அவளே வாங்கிக்கொள்வாளாம்.