நாகபுரிக் கூடை

என் அடுப்படி மூலையில் ஒரு மூங்கில் கூடை இருக்கிறது. இப்போது அதில் சின்ன வெங்காயம் கிடக்கிறது. விளிம்பில் பின்னல் விட்டுப்போன இடங்களைச் சணலால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்பார்கள். காது கேட்காதவள் போல இருந்துவிடுவேன். வயதானதில் இது ஒரு வசதி. மத்திய மாகாணத்தின் தலைநகரமாக இருந்த நாகபுரியில் பிறந்து, ரயிலேறி, மதராஸில் வண்டி மாறி மதுரைக்கு வந்த கூடை அது. என் அண்ணி வந்ததும் அதே வழியில்தான்.

நான் சொல்வது வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளில் நடந்தது. எங்கள் வீடு தெற்கு மாசி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது. மதுரையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஊர் நடுவில் மீனாட்சி கோவில். அதைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள் என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள். எந்த வீதியில் எந்த இடத்தில் நின்றாலும் சரி, வலக்கைப் பக்கமாகவே நாலு மூலை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். எங்கள் பக்கத்தில் பிள்ளை தொலைந்துபோனால்கூட யாரும் அதிகம் பதறமாட்டார்கள். சுற்றிக்கொண்டு வந்து சேரும் என்பார்கள்.

அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவரைப் பொறுத்தவரை இந்த தேசத்தில் தலைநகரம் என்றால் ஒன்றுதான். "மதராஸ்ல யாரு இருக்கா? கவர்னர். பம்பாய்ல? கவர்னர். நாகபுரியில? அங்கயும் ஒரு கவர்னர். இன்னைக்கு வருவான், நாளைக்குக் கப்பலேறிப் போயிருவான். நம்ம ஊர்ல இருக்கிறவளுக்குச் சித்திரைக்குச் சித்திரை பட்டாபிஷேகம். மாறுதல் உத்தரவு வராத ராணி" என்பார். ஆவணியில் ஆட்சி சொக்கநாதர் கைக்குப் போய்விடுகிறதே என்று அம்மா எடுத்துக் கொடுப்பாள். "அது குடும்ப விஷயம்" என்று அப்பா முடித்துவிடுவார்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு அண்ணி வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவளுடைய அப்பா வடக்கு மாசி வீதியில் பிறந்தவர். வாலிபத்திலேயே நாகபுரியில் சர்க்கார் கணக்கு ஆபீசில் வேலை கிடைத்துப் போனவர். மனைவியைப் பறிகொடுத்தபின் ஒரே மகளைத் தனியாக வளர்த்து, கொடுத்தால் மதுரையில்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்று என் அண்ணனுக்குக் கொடுத்தார். அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்கு அண்ணியைவிட ஓரிரு வயதுதான் குறைவு, ஆகையால் வந்த வாரமே நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம்.

அண்ணியின் தமிழ், வீட்டுக்குள் அப்பாவோடு மட்டும் பேசிப் பழகிய தமிழ். காக்கையை மராத்தியில் விரட்டுவாள். மதுரைக் காக்கை அசையாது. தூக்கத்தில் எங்களுக்குப் புரியாத எதையோ பேசிச் சிரிப்பாள். நாகபுரியில் அவர்கள் குடியிருந்த தெருவில் பக்கத்து வீடு வங்காளி, எதிர்வீடு மராத்தி, கோடிவீடு தெலுங்கு. பண்டிகை வந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு ருசியில் பலகாரம் வரும் என்று சொல்லிக்கொண்டே வருவாள், பாதியில் நிறுத்திவிட்டு அரிசி களைய எழுந்து போய்விடுவாள். "சொந்த ஊருக்கே வந்துட்டே, இன்னும் என்னத்தா ஏக்கம்?" என்று அம்மா கேட்பாள். அம்மா கெட்டவளல்ல. அப்பன் பாட்டன் பிறந்த ஊர்தான் சொந்த ஊர் என்பது அவள் கணக்கு. தமிழ் பேசாத ஒரு பட்டணத்தை நினைத்தும் ஒருத்தி அழக்கூடும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இதில் வேடிக்கை, நாலு மூலையில் வீடு வந்துவிடும் எங்கள் ஊரில் அவள் வழி தவறுவாள். "எல்லா மூலையும் ஒரே மாதிரி இருக்கு. இது தெற்கா மேற்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று நடுத்தெருவில் நின்று கேட்பாள். சந்தே சிரித்தது. அண்ணன்தான் அதிகம் சிரித்தான்.

மார்கழி பிறந்தால் கூடை வரும். அவளுடைய அப்பா கமலா ஆரஞ்சை வைக்கோலில் பொதிந்து, மேலே சாக்கு வைத்துத் தன் கையாலேயே தைத்து ரயிலில் அனுப்புவார். மதுரை வந்து சேர்வதற்குள் கால்வாசி கனிந்து போயிருக்கும். அண்ணி பழத்தை எங்கள் எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டு, வெறும் சாக்கை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். அதை முகத்தில் வைத்து முகர்ந்துகொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருஷ மார்கழியில் கூடை வரவில்லை. வண்டி தாமதம், பார்சல் மதராஸில் கிடக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அண்ணி மட்டும், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்றாள். கடுதாசி போட்டதற்கும் பதில் இல்லை. நானே போய்ப் பார்க்கிறேன் என்று அவள் வாய்விட்டுக் கேட்டது அப்போதுதான். அம்மா, "பொங்கல் வருது. வீட்டு மருமக நல்ல நாள்ல வாசலைத் தாண்டுறதாவது. இவன் போய்ப் பாத்துட்டு வரட்டும்" என்றாள். அண்ணி உள்ளே போய் அண்ணனுக்குக் கட்டுச்சோறு கட்டினாள். கட்டும்போதே, ரயிலடியிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கும் வழி சொன்னாள். "யாருக்கு வழி சொல்றே? நான் மதுரைக்காரன். ஊருன்னா எல்லாம் ஊருதான்" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே வண்டியேறினான்.

பொங்கல் கழிந்து திரும்பி வந்தவனிடம் அந்தச் சிரிப்பு இல்லை. மாமனாருக்கு விஷக் காய்ச்சலாம். வங்காளி வீட்டு அம்மாள் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றியிருக்கிறாள். இப்போது பரவாயில்லை என்று அவன் சொன்ன பிறகுதான் அண்ணி அவன் கைப்பையை வாங்கி வைத்தாள். அதன்பிறகு அண்ணன் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினான்.

"போன அன்னைக்கே மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேம்மா. வாங்கிட்டு வலக்கைப் பக்கம் நாலு மூலை திரும்புனேன். வீடு வரலை. சரின்னு இன்னும் நாலு மூலை திரும்புனேன். இப்ப கடைத்தெருவையே காணலை. யாரையும் கேக்கப் பாஷை தெரியலை. அவங்களா ஏதோ சொல்றாங்க, ஒண்ணும் வெளங்கலை. ஒரு பூட்டுன கடைப் படியில உக்காந்துட்டேன். கையில மருந்து இருக்கு, அங்க மனுசன் மருந்துக்குக் காத்துக் கெடக்காரு. வெளக்கும் வச்சாச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அழுதுட்டேன்."

அந்த நோயாளியே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் தோளைப் பிடித்தபடி தேடி வந்திருக்கிறார். படியில் மருமகனைக் கண்டதும், "நாலு மூலை திரும்புனீங்களா மாப்ள? வந்த புதுசுல நானும் அப்படித்தான் திரும்புனேன்" என்றாராம். இதைக் கேட்டு அப்பா சிரிக்கப் போனார். அண்ணன் சிரிக்க விடவில்லை. "நான் அரை நாள்தான்மா அந்தப் படியில உக்காந்திருந்தேன். இவ இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அங்கதான் உக்காந்திருக்கா" என்றான்.

அம்மா எழுந்து போய்ப் பரணிலிருந்த தகரப்பெட்டியைத் தானே இறக்கினாள். தூசி தட்டி அண்ணியின் முன்னால் வைத்தாள். "துணிமணிய எடுத்து வை ஆத்தா. அப்பா கூட இருந்துட்டு வா" என்றாள். "எப்ப திரும்பணும் அத்தை?" என்று அண்ணி கேட்டாள். "எப்ப வரணும்னு உனக்கா தோணுதோ அப்ப வா." அம்மா அதைச் சொன்ன விதத்தில், அண்ணி திரும்பாமலே போய்விடலாம் என்று தெரிந்துதான் சொன்னாள் என்று எனக்குப் பட்டது.

அண்ணன் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினான். தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனி வெயிலில் வீடு வெறிச்சென்று கிடந்தது. சந்துக்காரர்கள் இப்போது சிரிக்கவில்லை, கேள்வி கேட்டார்கள். அது அதைவிட மோசம். நான் கொல்லையில் நின்று அரைகுறை மராத்தியில் காக்கை விரட்டிப் பார்த்தேன். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறி, மீனாட்சிக்குப் பட்டாபிஷேகமும் ஆயிற்று. அன்றைக்கு அப்பா தம் தலைநகரப் பேச்சை எடுக்கவே இல்லை.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து நெரிந்த காலையில், அண்ணி வாசலில் நின்றாள். பின்னால் அவளுடைய அப்பா, இளைத்துப்போய், ஆனால் தெம்பாக. அண்ணியின் இடுப்பில் இந்தக் கூடை. அந்தப் பருவத்தின் கடைசிப் பழங்கள். அம்மா கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அங்கயே இருந்துருவேன்னு நெனச்சோம்" என்றாள், நேராகவே.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் அத்தை. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. போன வாரம் காய் வாங்கப் போனேன். நான் பொறந்ததுலேருந்து நடந்த கடைத்தெரு. அழகர் எறங்கப்போறாரே, வீட்ல என்ன செய்றீங்களோன்னு நெனச்சுக்கிட்டே நடந்து வந்தேன். நிமிந்து பாத்தா யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல நிக்கிறேன். வலக்கைப் பக்கமாவே நாலு மூலை திரும்பியிருக்கேன். என் காலு தானாத் திரும்பியிருக்கு."

அண்ணன் பகபகவென்று சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. "அப்பாகிட்டச் சொன்னேன். அவரு சிரிக்கலை. பெட்டியைக் கட்டும்மா, உன்னை வீட்ல கொண்டுபோய் விடுறேன்னு சொல்லிட்டாரு."

அவர் திருவிழா முடிய இருந்தார். எங்களோடு வைகை மணலில் நின்று அழகரைப் பார்த்தார். அப்புறம் தன் தலைநகரத்துக்கே திரும்பிப் போனார். கண் மூடும்வரை மார்கழிக் கூடை தவறவில்லை. அண்ணியும் அதன்பின் வருஷத்துக்கு ஒரு தரம் போய்வந்தாள். யாரும் நல்ல நாள் பார்த்துத் தடுக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சாக்கை முகர்வதை அவள் விடவே இல்லை. சுதந்திரம் வந்து, மாகாணங்களைக் கலைத்துப் புது ராஜ்யங்கள் வகுத்தபோது, நாகபுரி தலைநகர் பட்டத்தை இழந்தது. பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு, "எங்க ஊர்லேருந்து எடுத்துட்டாங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அன்று முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என் அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் அன்றைக்கு அவரும் கேலி பேசியிருக்கமாட்டார்.

இப்போது அண்ணியும் இல்லை. அவளுடைய மகன் ஒத்தக்கடைப் பக்கம் கட்டிய வீட்டில்தான் நான் இருக்கிறேன். இங்கே வலக்கைப் பக்கம் நாலு மூலை திரும்பினால் யாரோ வாங்கிப் போட்ட மனையின் முள்வேலி வரும். போன வாரம் ஒரு தள்ளுவண்டிக்காரர் தெருவில் நாகபுரி ஆரஞ்சு என்று கூவிக்கொண்டு போனார். வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பழத்தைப் போட்டுக்கொண்டே, "என்ன பெரியம்மா, எந்தக் காலத்துக் கூடை இது?" என்றார். பழம் மெய்யாகவே நாகபுரிதானா என்று அவரைக் கேட்டேன். "நமக்கு மார்க்கெட்லேருந்து வருது. அதுக்கு முன்னால எங்கேருந்து வருதோ, யாரு கண்டா" என்றார்.

வீட்டுக்கு வந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழத்தை எடுத்து உள்ளே கொடுத்துவிட்டேன். வெறும் கூடையில் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தேன். வெங்காய வாசம்தான் அடித்தது. கண்ணைக் கரித்ததற்கு அதைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.