களிக்குக் கீழே இரண்டடி

எங்கள் மாதா கோயில் தெருவுக்கும் மாரியம்மன் கோயில் தெருவுக்கும் நடுவில் ஒரு குட்டை. கோடையில் வற்றியதும் அடியில் படிந்த வண்டலை இரு தெருவும் முறைவைத்து வயலுக்கு அள்ளுவோம். மாரியம்மன் தெருப் பக்கத்துக் கரையோரம் குடியிருந்த அக்காவுக்கு மட்டும் மண் வேண்டாம். நிலமில்லை, இரண்டு எருமைகள்தான். வெயில் ஏறினால் இரண்டும் மூக்கு மட்டும் தெரியக் குட்டையில் முங்கிக் கிடக்கும். எங்கள் வீட்டுக்கும் அந்தப் பால்தான்.

போன கோடையில் கடைசி முறை என்னுடையது. நல்லம்பள்ளியிலிருந்து ஜேசிபி கூட்டி வந்தேன். வண்டல் சீக்கிரமே தீர்ந்து, கீழே சாம்பல் நிறக் களிமண் தெரிந்தது. அக்கா கரையிறங்கி ஓடிவந்தார்.

"போதுங்க தம்பி! அந்தக் களிதான் தண்ணியப் புடிச்சு வச்சிருக்குது. அத ஒடச்சிராதீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்காளுங்க அள்ளுறப்ப இந்தப் பேச்சு வரலீங்களே? எங்க முறைன்னாத்தான் கண்ண உறுத்துதா?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. அவர் நிற்கும்போதே, வீம்புக்கு, "இன்னும் ரெண்டடி போங்கண்ணா" என்று டிரைவரிடம் சொன்னேன். களி உடைந்து வெறும் சரளை வந்தது. என் வயலுக்குக்கூட அது உதவவில்லை. என்ன கொழுப்பு எனக்கு!

ஐப்பசியில் நல்ல மழை. தளும்பிய குட்டையைப் பார்க்க இரு தெருவும் கரையில் கூடிச் சிரித்தது. வழக்கமாகச் சித்திரை வரை நிற்கும் தண்ணீர் அத்தனையும் பதினைந்தே நாளில் பூமிக்குள் இறங்கிவிட்டது. ஜேசிபிக்காரன் கெடுத்துவிட்டான் என்று இரு தெருவிலும் திட்டினார்கள். தோண்டச் சொன்னது யாரென்று அக்காவுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

மாசியில் தவக்காலம் வந்ததும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொன்னேன். செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். கூப்பிடு தூரத்தில் இருந்த அக்காவிடம் போகத்தான் கால் எழவில்லை. வெட்கக்கேடு.

அடுத்த வாரம் காலையில் அவரே சொம்போடு வந்தார்.

"எருமைங்கள வித்துட்டேனுங்க. முங்கக் குட்டையில்லாம வெயில்ல கெடந்து தவிக்குதுங்க, பாக்க முடியல. இது கடைசிக் கறவை. பாப்பாவுக்குக் காய்ச்சிக் குடுங்க."

சொம்பு கையில் கறந்த சூட்டோடு இருந்தது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, "அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் என் மகள் விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"நாளையிலருந்து கடையில பாக்கெட் பால் வாங்கிக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, காய்ந்த குட்டைக்குள் இறங்கி நடந்து போனார்.